ஊர் கேட்கும் பிறப்பு: ஆபுத்திரன், ஹென்றி, ஈரின மரபினர்

‘இனம்’ என்னும் சொல்லைத் தமிழ் பல நிலைகளில் ஆண்டு வந்துள்ளது. எழுத்திலக்கணத்தில் அது ஒலிப்பு ஒற்றுமையால் அமைந்த தொகுதி. ‘சிற்றினம் சேராமை’ என வள்ளுவர் அதிகாரம் வகுக்கும்போது அது ஒருவன் பழகும் கூட்டம். குருதியால் ஒன்றுபட்ட மக்கள்திரள் என்னும் பொருள் காலனிய கால இனவியலின் வழியாகவே இச்சொல்லின்மீது அழுத்தமாக ஏறியது. அதன் பின்னர் ‘கலப்பினம்’ என்னும் கூட்டுச்சொல்லும் வழக்கிற்கு வந்தது. இன்று அச்சொல்லை நாம் பெரிதும் கேட்பது வேளாண்மையிலும் கால்நடை வளர்ப்பிலும்தான்: கலப்பின நெல், கலப்பினப் பசு. மனிதரைச் சுட்டுவதற்கு அச்சொல்லை எடுத்தாளும்போது நாக்கு சற்றே தயங்குகிறது. அத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு.

வெவ்வேறு இனத்தார் என உலகம் கருதும் இருவர்க்குப் பிறந்தோரை இக்கட்டுரை ‘ஈரின மரபினர்’ எனச் சுட்டுகிறது. இவர்தம் இளமைப் பருவத்து அடையாளச் சிக்கலையும், அதன்பொருட்டு அவர்கள் அடையும் புறக்கணிப்பையும், அப்புறக்கணிப்பு உள்ளத்தில் விளைக்கும் துயரையும் மேலை நாட்டு உளவியலாரும் சமூகவியலாரும் ஒரு நூற்றாண்டுக் காலமாக ஆராய்ந்து வருகின்றனர். தமிழ்த் திறனாய்வு இப்பொருளைத் தொட்டது குறைவு. நம் இலக்கியத்தில் இப்பொருள் இல்லை என்பது அதற்குக் காரணமாகாது. பிறப்பைக் கேட்டு ஒருவனை ஊர் துரத்தும் காட்சி மணிமேகலையிலேயே உள்ளது. அத்தகைய ஒருவனைத் தமிழ்ப் புனைவு எப்போது ஏற்றுக்கொள்கிறது, எந்த விலைக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரிடலின் அரசியல்

ஈரின மரபினரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய பெயர்களை முதலில் நோக்க வேண்டும். ஆங்கிலோ–இந்தியரைத் தமிழ்ப் பேச்சு வழக்கு ‘சட்டைக்காரர்’ என்றது. இலங்கையில் போர்த்துக்கீசிய, ஒல்லாந்த வழியினர் ‘பறங்கியர்’ எனப்பட்டனர். போர்த்துக்கீசிய வழிவந்த கலப்புச் சமூகத்தாருக்குக் கீழைக்கடற்கரையிலும் பிற இடங்களிலும் வழங்கிய ‘தோப்பாஸ்’ என்னும் பெயரை, 1886இல் வெளிவந்த ஆப்சன்–சாப்சன் அகராதி விரிவாக விவாதிக்கிறது. தொப்பி அணிந்தவர் என்பதால் அப்பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. இருமொழி அறிந்தவர் என்னும் பொருள்தரும் ‘துபாஷி’ என்பதன் திரிபு என்பது மற்றொரு கருத்து. இவற்றுள் எது சரி என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடலாம். இரண்டு விளக்கங்களும் ஒருவரைப் பிறப்பால் பெயரிடாமல், அணியும் பொருளாலோ செய்யும் தொழிலாலோ பெயரிடுகின்றன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

‘சட்டைக்காரர்’ என்பதும் அவ்வகையினதே. உற்று நோக்கினால் இது விந்தையான பெயர். சட்டையைக் கழற்றலாம், மாற்றலாம். பிறப்பை அவ்வாறு செய்ய இயலாது. மேனியின் நிறத்தை வைத்து வெள்ளையரோடும் சேர்க்க இயலாமல், குலத்தை வைத்துத் தம்மோடும் சேர்க்க விரும்பாமல், ஊர் அவர்தம் உடையைப் பிடித்துக்கொண்டது. ‘நீ அணிந்திருப்பது உன்னுடையது அன்று’ என்னும் ஏளனம் அதனுள் மறைந்திருக்கிறது. மலையாளத்திலும் இச்சொல் உண்டு. பம்மன் எழுதிய ‘சட்டக்காரி’ நாவல் 1974இல் அதே பெயரில் திரைப்படமாகி, 1975இல் இந்தியில் ‘ஜூலி’ ஆயிற்று. ஆங்கிலோ–இந்தியப் பெண் என்றாலே ஒழுக்கத் தளர்ச்சி என்று கருதும் பொதுப்புத்தியை இந்தியத் திரை எவ்வளவு எளிதாகப் பயன்கொண்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

‘பறங்கி’ என்னும் சொல்லின் பயணம் இன்னும் நெடியது. ஐரோப்பிய இனக்குழு ஒன்றின் பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்து தமிழில் காயாக, நோயாக, மலையாக நிலைத்துவிட்டது: பறங்கிக்காய், பறங்கிப்புண், பறங்கிமலை. சென்னையில் ஆங்கிலோ–இந்தியர் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளுள் பறங்கிமலையும் ஒன்று என்பது தற்செயலான பொருத்தம். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர், சோலையார்பேட்டை முதலிய இருப்புப்பாதைக் குடியிருப்புகள் அவர்தம் மற்ற ஊர்கள்.

பெயரிடல் ஊரோடு நிற்கவில்லை, அரசும் பெயரிட்டது. உள்நாட்டுத் தாய்க்குப் பிறந்த மகனைக் கும்பெனியின் குடிமை, படைத்துறை உயர்பணிகளில் சேர்க்கலாகாது என 1791இல் இலண்டன் இயக்குநர்கள் விதித்தனர். அவ்விதியால் கதவடைக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேம்சு சுகின்னர் (1778–1841). சுகாத்துலாந்துத் தந்தைக்கும் இராசபுத்திரத் தாய்க்கும் பிறந்த அவர் மராத்தியர் படையில் சேர்ந்து, பின்னர் 1803இல் கும்பெனியின் பக்கம் வந்து குதிரைப்படை அமைத்தார். தில்லி காசுமீர வாயிலருகே 1836இல் திருநிலைப்படுத்தப்பட்ட தூய சேம்சு தேவாலயம் அவர் கட்டியது. ஒரு கதவு அடைக்கப்பட்டவர் ஒரு கோயிலையே எழுப்பினார். எல்லோர்க்கும் அது வாய்ப்பதில்லை.

விடுதலைக்குப் பின் இந்திய அரசமைப்புச் சட்டம் 366(2)ஆம் கூற்றில் ஆங்கிலோ–இந்தியர் யார் என வரையறுத்தது. தந்தையோ தந்தைவழி ஆண் முன்னோருள் ஒருவரோ ஐரோப்பிய வழியினராக இருத்தல் வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. தாய் ஐரோப்பியராகவும் தந்தை தமிழராகவும் இருந்தால் அப்பிள்ளை இவ்வரையறைக்குள் வாராது. குருதி இருவழியும் கலந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒருவழிதான் ஓடுகிறது. இருப்புப்பாதை, சுங்கம், அஞ்சல் தந்திப் பணிகளில் இச்சமூகத்தார்க்கு இருந்த தனி ஒதுக்கீடு படிப்படியாகக் குறைந்து, அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளில் முடிந்தது. மக்களவையில் இருவரை நியமிக்கும் ஏற்பாடும், சட்டமன்றங்களில் நியமிக்கும் ஏற்பாடும் 104ஆம் திருத்தத்தால் 2020 சனவரியுடன் நீட்டிக்கப்படாமல் போயின.

இதனோடு ஒப்பிடத்தக்கது சாதி கடந்த மணத்திற் பிறந்த பிள்ளைகளின் நிலை. தமிழில் ‘கலப்பு மணம்’ என்றால் முதற்கண் நினைவுக்கு வருவது சாதிக்கலப்பே. அத்தகைய பிள்ளையின் சாதி தந்தையுடையதே எனத் தானாகக் கொள்ளலாகாது, பிள்ளை வளர்ந்த சூழலையும் அது அடைந்த இழிவையும் கருத்திற்கொண்டு முடிவு செய்ய வேண்டும் என உச்சநீதிமன்றம் 2012இல் இரமேசுபாய் தபாய் நாயிகா வழக்கில் தீர்ப்பளித்தது. எந்தக் குருதி என்று கேட்பதற்கு மாறாக, எந்த அவமதிப்பைச் சுமந்தாய் என்று கேட்கும் தீர்ப்பு இது. இலக்கியத் திறனாய்வாளர்க்கும் இவ்வினா பயன்படும்.

ஆபுத்திரன்

மணிமேகலையின் ‘ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை’ இவ்வினாவோடு படிக்கத்தக்கது. வாரணாசி அந்தணன் மனைவி சாலி கற்பு நெறி தவறி, அச்சத்தால் குமரியாட வருகிறாள். வழியில் பிறந்த குழவியைத் தோட்டத்தில் விட்டு நீங்குகிறாள். ஆ ஒன்று ஏழு நாள் பால் சுரந்து காக்கிறது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். பிள்ளை வேதம் கற்கிறது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவன் அவிழ்த்துவிட்ட பின்னரே அவன் பிறப்பு ஊருக்கு நினைவு வருகிறது. இந்த வரிசையைச் சாத்தனார் மிகக் கூர்மையாக அமைத்திருக்கிறார். அவன் பிறப்பை அறிந்த ஒருவன் ஊரில் இருந்தும், அச்செய்தி அதுவரை பேசப்படவில்லை. அவன் ஊரின் வழக்கிற்கு மாறாக நின்றதும் அது படைக்கலமாகிறது. இன வேறுபாடு காட்டுதல் எவ்வாறு இயங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லுதல் அரிது. ஒருவன் அடங்கியிருக்கும்வரை ஊர் அவன் பிறப்பைப் பொறுத்துக்கொள்கிறது. அவன் எதிர்த்துப் பேசியதும் அவன் யார் எனக் கேட்கிறது.

ஆபுத்திரன் விடை நகைப்போடு வருகிறது. மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தோர் எனக் கூறப்படும் முனிவரைப் பட்டியலிட்டு, அவரையெல்லாம் உங்கள் குலத்து முதல்வராகக் கொண்டீரே எனக் கேட்கிறான். கலப்பற்ற மூலம் எங்கும் இல்லை என்பதே அவன் வாதம். வாதத்தில் அவன் தோற்கவில்லை. எனினும் வளர்த்த தந்தையே அவனை வெளியேற்றுகிறான். ஊரார் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இடுகின்றனர். நல்ல வாதம் ஒருவனை ஊருக்குள் வைத்திருக்கப் போதுமானதன்று என்பதைக் காப்பியம் அறிந்திருக்கிறது.

இப்பகுதியைச் சமய வாதமாகவும் வேள்வி மறுப்பாகவும் படித்தவர் பலர். அது சரியே. ஆனால் அதே ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டில் புண்ணியராசனாக வரும் பகுதியை உளவியல் நோக்கிற் படித்தவர் சிலரே. அங்கும் அவன் வளர்ப்புப் பிள்ளை. அரசனாகவே வளர்ந்தவன், மணிமேகலை சொல் கேட்டு, அமரசுந்தரியிடம் தன் பிறப்பைக் கேட்டறிகிறான். அறிந்ததும் அவனுக்கு அரசு கசக்கிறது, துறக்க எண்ணுகிறான். அமைச்சன் சனமித்திரன் தடுத்துத் தேற்றுகிறான். பின்னர் மணிபல்லவத்திற்குச் சென்று தன் முற்பிறப்பு உடம்பின் எலும்பையே காண்கிறான். பிறப்பின் உண்மையைப் பிறர் வாயிலாகத் திடுமென அறிந்த இளைஞன் ஒருவனின் நிலைகுலைவு, துணையொருவரின் ஆறுதல், பின் தன் பழமையை நேரே நின்று காணுதல் என்னும் மூன்று படிகளும் இங்கு உள்ளன. முற்பிறப்பில் நகைத்து வாதிட்டவனே இப்பிறப்பில் உடைந்துபோகிறான். ஊர் கேட்டபோது நகைக்க முடிந்தவனால், தானே தன்னைக் கேட்டுக்கொண்டபோது நகைக்க இயலவில்லை.

ஹென்றி

செயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) நாவலின் ஹென்றி ஆபுத்திரனின் வழித்தோன்றல் எனலாம். பெங்களூரிலிருந்து கிருட்டிணராசபுரம் என்னும் சிற்றூருக்கு, தன்னை வளர்த்த பப்பாவின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடி அவன் வருகிறான். பப்பா சபாபதிப் பிள்ளை அவ்வூரை விட்டு வெளியேறியவர். மம்மி என அவன் அழைக்கும் பெண்ணும் பப்பாவும் அவனைப் பெற்றவர்கள் அல்லர். ஹென்றியைப் பெற்றவர் யார் என்பது அவனுக்கும் தெரியாது, படிப்பவர்க்கும் தெரியாது. அவன் பெயர், உடை, தோற்றம் எல்லாம் ஊராரின் கண்ணுக்கு அவனைச் சட்டைக்காரனாகவே காட்டுகின்றன. ஆனால் அவன் பேச்சு தமிழ். அவன் உறவுகொள்ள விரும்புவது அவ்வூர்.

இந்நாவலைத் தமிழின் ஒளி மிகுந்த புனைவுகளுள் ஒன்றாகக் கருதுவோர் பலர். அதனை மறுப்பதற்கில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஹென்றி எதையும் உரிமை கொண்டாடாமல் நிற்பதும், சபாபதிப் பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு அவனைத் தன் அண்ணன் மகனாகவே ஏற்பதும் தமிழ் நாவலில் அரிதாக நிகழும் இரக்கத்தின் உச்சங்கள். மணிமேகலையின் ஊர் கல்லிட்ட இடத்தில் செயகாந்தனின் ஊர் வீட்டின் சாவியைக் கொடுக்கிறது.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. ஹென்றியின் பிறப்பை ஆசிரியர் ஏன் முற்றிலும் அழித்துவிட்டார்? துரைக்கண்ணுவின் அண்ணனுக்கும் ஓர் ஆங்கிலோ–இந்தியப் பெண்ணுக்கும் பிறந்த மகனாக அவன் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அப்போது அவன் குருதியால் பங்காளி, சொத்துரிமை உடையவன், பிள்ளைமார் குலத்திற்குள் ஒரு கலப்பு. ஊரின் பெருந்தன்மை அப்போதுதான் உண்மையான சோதனைக்கு உள்ளாகியிருக்கும். மூலம் தெரியாத பிள்ளையை ஏற்பது அறம். மூலம் தெரிந்த கலப்பை ஏற்பது அதனினும் கடினமான அறம். செயகாந்தன் முதலாவதைத் தெரிந்துகொண்டார். இரண்டு குருதிகளைச் சுமக்கும் ஒருவனை எழுதுவதற்கு மாறாக, எந்தக் குருதியையும் சுமக்காத ஒருவனை எழுதினார். ஆபுத்திரனையும் அவ்வாறே விலங்கின் பால் காத்தது என்பதை நினைத்தால், ஈரின மரபினன் ஒருவனை மூலமற்றவனாக்கியே ஏற்கும் பழக்கம் தமிழ்ப் புனைவில் நெடுங்காலத்தது எனத் தோன்றுகிறது.

இந்நாவலை வகுப்பில் பாடம் சொன்ன ஆண்டொன்றில், தாய் தமிழரும் தந்தை வடகிழக்கு மாநிலத்தவருமான ஒரு மாணவர் கேட்டது நினைவில் நிற்கிறது: “ஹென்றிக்குக் கோபமே வராதா?” திறனாய்வு நூல்கள் அவனது கள்ளமின்மையைப் போற்றுகின்றன. அம்மாணவரின் வினா அக்கள்ளமின்மையை ஐயுறுகிறது. ஊரெல்லாம் உற்றுப் பார்க்கும் ஒருவனுக்கு ஒரு முறையேனும் எரிச்சல் வாராதா? கண்ணாடி முன் நிற்க மாட்டானா? ‘நான் யார் சாயல்’ எனக் கேட்டுப் பார்க்க மாட்டானா? நாவலில் ஹென்றி அமைதியானவன். அவ்வமைதியால்தான் ஊர் அவனை விரும்புகிறது. வேற்று முகத்தோடு வருபவன் ஞானியாக இருந்தால் மட்டுமே ஊருக்கு ஏற்புடையவன் ஆகிறான் என்றால், ஞானி அல்லாத சாதாரண இளைஞர்க்கு அங்கு என்ன இடம்?

ஹென்றியிடமிருந்து நீக்கப்பட்ட துயர் நாவலைவிட்டு நீங்கிவிடவில்லை என்பது என் வாசிப்பு. மனநிலை பிறழ்ந்தவளாய், ஆடையின்றி அவ்வூருக்கு வரும் ஓர் இளம்பெண்ணை ஹென்றி தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறான். பேபி என அழைக்கிறான். அவளுக்கும் ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, பெயரும் ஹென்றி கொடுத்ததே. ஹென்றியின் மூலமின்மை அவனுக்கு விடுதலையாகிறது. அதே மூலமின்மை அவளிடம் பித்தாக இருக்கிறது. ‘சட்டைக்காரர்’ எனத் தம் கூட்டத்தைப் பெயரிட்ட ஊருக்குள், சட்டையே தரிக்காத ஒருத்தி வந்து நிற்கிறாள். நாவலின் இறுதிப் பகுதியில் அவள் சொல்லாமல் மறைந்துவிடுகிறாள். ஹென்றி வாயிலைத் திறந்தே வைத்திருக்கத் தயாராக இருக்கிறான். நாவலின் ஒளி அவன்மேல் விழ, அதன் நிழல் அவள்மேல் விழுந்தது. செயகாந்தன் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் எனக் கூற வேண்டியதில்லை. நல்ல நாவல்கள் ஆசிரியர் ஒதுக்கியதையும் எங்கேனும் வைத்திருக்கும்.

உளவியல் கூறுவது

இவ்விடத்தில் மேலை ஆய்வின் போக்கைச் சுருக்கமாகக் காணலாம். இராபர்ட்டு பார்க்கு 1928இலும், அவர்தம் கருத்தை விரித்த எவரெட்டு சுடோன்குவிசுட்டு 1937இலும் ‘விளிம்பு மனிதன்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். இரு பண்பாடுகளுக்கு இடையே நிற்பவன் இரண்டிலும் முழுமையாகச் சேராமல் மனப்போராட்டத்திற்கு ஆளாகிறான் என்பது அது. சுடோன்குவிசுட்டு எடுத்தாண்ட சான்றுகளுள் இந்திய யுரேசியரும் உண்டு. பின்வந்தோர் இதனை வலுவாக மறுத்தனர். நோய் கலப்பில் இல்லை. கலப்பைப் பொறாத சூழலில் உள்ளது என்பது அவர்தம் நிலை. 1990இல் கார்லோசு போசுடன் ஈரின அடையாளத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, பெற்றோர் இருவருள் ஒருவரின் இனத்தைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி. அதைத் தொடர்வது மற்றவரை மறுத்துவிட்டோம் என்னும் குற்றவுணர்வு. 1993இல் மரியா ரூட்டு இவர்க்கென உரிமைப் பட்டயமே வரைந்தார். தம் இருப்பிற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதும், பெற்றோரோ உடன்பிறந்தாரோ கூறிக்கொள்வதினும் வேறாகத் தம்மைக் கூறிக்கொள்ளலாம் என்பதும், இடத்திற்கு ஏற்ப அதனை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதன் உட்பொருள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க இடமளித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

இக்கோட்பாடுகளை அப்படியே தமிழ்ப் பனுவலின்மேல் ஏற்றுதல் தகாது. அமெரிக்க இனக்கோடும் இந்தியச் சாதிக்கோடும் ஒன்றல்ல. எனினும் தேர்ந்தெடுக்க வற்புறுத்தும் நெருக்கடி இரண்டிற்கும் பொது. புண்ணியராசன் அரசை வெறுத்த நாளும் அத்தகையதே.

கமலா

புனைவிலிருந்து வாழ்க்கை வரலாற்றிற்குச் செல்வோம். தமிழரின் ஈரினப் பிள்ளைகளுள் உலகறிந்தவர் கமலா ஆரிசு. தாய் சியாமளா கோபாலன் சென்னையிற் பிறந்து, தில்லி இர்வின் சீமாட்டி கல்லூரியில் பயின்று, 1958இல் தம் பத்தொன்பதாம் வயதில் பெர்க்லிக்குச் சென்றவர். தந்தை தொனால்டு ஆரிசு சமைக்காவிற் பிறந்த பொருளியலறிஞர். 2019இல் வெளிவந்த தன்வரலாற்றில் கமலா, தாய் தம் மகளிர் இருவரையும் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தார் என எழுதுகிறார். அமெரிக்கா அவர்களை அவ்வாறே காணும் என்பதைத் தாய் நன்கறிந்திருந்தார் என்பது அதன் காரணம். கறுப்பினத்தார் தேவாலயமும் இந்துக் கோயிலும் இரண்டும் அவர் இளமையில் இடம்பெற்றன. இந்நூலில் திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் அதுவே. ஒரு தமிழ்த் தாய் தன் பிள்ளைக்கு நெருக்கடி நேருமுன் அதற்குப் பெயர் சொல்லி, அதற்கெதிரே நிற்கப் பழக்கினார். ஹென்றியின் பப்பா அவனுக்கு வெறுமையைக் கொடையாகத் தந்தார். சியாமளா நிறத்தைக் கொடையாகத் தந்தார்.

2020 ஆகத்தில் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் கமலா ஆற்றிய ஏற்புரையில் ‘சித்தி’ என்னும் சொல் ஒலித்தது. தமிழ் ஊடகம் அச்சொல்லைக் கொண்டாடியது. தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகைகளும் வழிபாடுகளும் நிகழ்ந்தன. 2024 தேர்தலிலும் அவை தொடர்ந்தன. இக்கொண்டாட்டத்தில் ‘தமிழச்சி’ மட்டும் இருந்தார். ‘கறுப்பினத்தவர்’ பெரும்பாலும் பேசப்படவில்லை. அவர் தேர்ந்துகொண்ட பாதியை நாம் விட்டுவிட்டு, நமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டோம். 2024 சூலை 31 அன்று சிக்காகோவில் தொனால்டு திரம்பு, அவர் இந்தியராக இருந்து பின்னாளில் கறுப்பினத்தவராக மாறினார் எனப் பொருள்படப் பேசினார். உலகம் அதனைக் கண்டித்தது, நாமும் கண்டித்தோம். ஆனால் ஈரின மரபினர் ஒருவரை ஒற்றைப் பெட்டியில் அடைக்கும் செயலில் பகைமையும் பெருமிதமும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதை நம் இதழ்கள் எழுதவில்லை.

மந்திர் மார்க்

சியாமளா தம் மகளிரோடு தில்லிக்கே திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பழகிய மந்திர் மார்க் தெருவையே எடுத்துக்கொள்வோம். முன்பு அதன் பெயர் ரீடிங் சாலை. இன்றும் அங்குத் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. அதே சாலையில் இலட்சுமி நாராயணன் கோயில். எல்லாச் சாதியினர்க்கும் வாயில் திறந்திருக்கும் என்னும் உறுதியின்பேரில் 1939இல் காந்தியடிகள் திறந்துவைத்தது. அருகே வங்காளியரின் காளிபாடி. சற்றுத் தள்ளி வால்மீகி கோயில். 1946–47இல் தூய்மைப் பணியாளர் குடியிருப்பின் நடுவே காந்தியடிகள் தங்கியிருந்த இடம். ஒரு சாலையில் இத்தனை வாயில்கள். அங்கு வந்த தமிழர் எல்லோரும், திருநெல்வேலியாரும் தஞ்சையாரும், வடவர் வாயில் ‘மதராசி’ என ஒரே பெயர் பெற்றனர். ஒற்றைப் பெட்டியில் அடைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதைத் தில்லித் தமிழர் தம் தோலால் அறிந்தவர்.

அறிந்தவர் பிறரிடம் அவ்வாறு நடவார் என எதிர்பார்க்கலாமா? 2014 சனவரியில் தில்லி கிர்க்கி விரிவாக்கத்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் நள்ளிரவில் கும்பலால் வளைக்கப்பட்டனர். அதே மாத இறுதியில் அருணாசலப் பிரதேச இளைஞர் நிதோ தானியா, லச்பத் நகரில் தம் தலைமுடியை ஏளனம் செய்தவரை எதிர்த்ததற்காகத் தாக்கப்பட்டு இறந்தார். ஆபுத்திரனைப் போலவே அவரும் எதிர்த்துப் பேசிய பின்னரே அடிக்கப்பட்டார். அதன்பின் அமைந்த பெசுபரூவா குழு வடகிழக்கு மாநிலத்தவர்மீதான இழிசொற்களைத் தனிக் குற்றமாக்கும் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2016 மே மாதத்தில் வசந்த் குஞ்சில் காங்கோ நாட்டவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சமைக்காத் தந்தையின் சுருள்முடியோடு இரு சிறுமியர் இந்நகரத்தில் வளர்ந்திருந்தால் ‘சித்தி’ என்னும் சொல் அவர்களைக் காத்திருக்குமா?

தில்லியில் இன்று பஞ்சாபி, மணிப்புரி, மிசோ, வங்காளித் துணையரோடு இல்லறம் நடத்தும் தமிழர் உண்டு. அவர்தம் பிள்ளைகள் தமிழ்ப் பாட வகுப்பிற்கும் வருகின்றனர். இவர்களுள் எல்லோரையும் ஈரின மரபினர் எனல் பொருந்தாது. பஞ்சாபித் தாயின் மகனை ஊர் வியப்போடு பார்ப்பதில்லை, சில வேளை மகிழ்ச்சியோடும் பார்க்கிறது. மிசோத் தந்தையின் மகளை அவ்வாறு பார்ப்பதில்லை. கலப்பின் சிக்கல் கலப்பின் அளவைப் பொறுத்து அமைவதில்லை என்பதற்கு இதுவே சான்று. முகத்தில் எது தெரிகிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. தோழியர் வட்டத்தில் ‘சீனப் பெண்’ எனப்படும் ஒருத்தி, விடுமுறைக்குத் தமிழகம் சென்றால் ‘வடக்கத்திப் பெண்’ எனப்படுகிறாள். தந்தையின் ஊரில் ‘சமவெளிக்காரி’. மூன்று ஊரும் தத்தம் கணக்கில் அவளை விருந்தாளியாகவே வைத்திருக்கின்றன. இத்தகையோரிடம் காணும் ஒதுங்கலையும் பேச்சின்மையையும் ஆசிரியர் சிலர் ‘கூச்ச சுபாவம்’ என்று குறித்துவிடுகின்றனர். கூச்சம் என்பது ஒருவரின் இயல்பு. ஓயாது வினவப்படுவது ஒருவர்மேல் நிகழும் செயல். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் கல்வி நிறுவனங்களின் உளநல ஆலோசகர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாதது.

இவர்தம் வாழ்வை எழுதிய தமிழ்ப் புனைவு இன்னும் அரிது. ஆதவனின் நாவல்கள், ‘காகித மலர்கள்’ (1977), ‘என் பெயர் ராமசேஷன்’ (1980) ஆகியன, தம்மைத் தாமே ஓயாது உற்றுநோக்கி வேடமிட்டுக் களைக்கும் இளைஞரைக் காட்டின. அடையாளத்தின் களைப்பை அவரைப் போல் எழுதியவர் குறைவு. ஆனால் அவ்விளைஞர் எல்லோரும் பிறப்பில் ஐயமற்றவர். வேடம் அவர்களே விரும்பி இட்டது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) செகந்திராபாத்தின் லான்சர் பாரக்சில் ஆங்கிலோ–இந்தியக் குடும்பங்களை அண்டை வீட்டாராகக் காட்டுகிறது. வெள்ளையர் நீங்கும் காலத்தில் அவர்தம் நிலை ஆட்டங்காண்பதைச் சந்திரசேகரன் தன் சிறுவக் கண்களால் காண்கிறான். மிகை இல்லாத, நேர்மையான பார்வை அது. எனினும் அது வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தது. வேலிக்கு அப்பாலிருந்து, அல்லது வேலியின்மேலே அமர்ந்திருந்து, ஒரு தமிழ்க் குரல் தன்னைத் தானே சொல்லும் நாவல் வெளிவரும்போது அதனைப் படிக்கும் கருவிகள் நம்மிடம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆபுத்திரன் பகுதியைப் பாடத்தில் வைக்கும் துறைகள், பசுவை அவிழ்த்த காட்சியோடு நிறுத்தாமல், அமரசுந்தரியின் முன் நின்று அவன் தன் பிறப்பைக் கேட்கும் இடத்தையும் சேர்த்து வைக்கலாம். ஹென்றியைக் கற்பிக்கும் வகுப்பில் “ஹென்றிக்குக் கோபமே வராதா?” என ஒருவர் கேட்டால், அவ்வினாவைத் தேர்வுத்தாளிலும் இடம்பெறச் செய்யலாம்.